முதல் அனுபவத்துக்கு யார் பொறுப்பு?

2024 அக்டோபர் 3 அன்று பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டத்தை மத்திய அரசு முன்னோட்டமாகத் தொடங்கியது. நாட்டின் 500 முன்னணி நிறுவனங்களில், ஐந்தாண்டுகளில் ஒரு கோடி இளைஞர்களுக்கு ஓராண்டு வேலைப்பயிற்சி. அவ்வாண்டு ஜூலையில் தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்த இலக்கு அது. முதல் சுற்றுக்கு நிறுவனங்கள் 1.27 லட்சம் இடங்களைப் பட்டியலிட்டன. சுமார் 82,000 அழைப்புகள் போயின. ஏற்றுக்கொண்டவர்கள் ஏறத்தாழ 28,000 பேர். கடைசியில் பயிற்சியில் போய்ச் சேர்ந்தவர்கள் 8,700 பேர் அளவில்தான்.

இந்தக் கணக்கைப் பார்க்கிற எவருக்கும், ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உழைக்க மனமில்லை’ என்று சொல்லிவிடத் தோன்றும். அது அவசரத் தீர்ப்பு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை வேறொரு படத்தைக் காட்டுகிறது. 2022இல் இந்திய இளைஞர்களில் பட்டதாரிகளிடையே வேலையின்மை 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடையே 3.4 சதவீதம். படிக்காதவருக்குக் காத்திருக்க வழியில்லை, கிடைத்த வேலையைச் செய்கிறார். படித்தவர் தன் படிப்புக்கேற்ற முதல் வேலையைத் தேடி வாசல் வாசலாக ஏறி இறங்குகிறார். அப்படி ஏறி இறங்குகிறவர்கள் பெருநிறுவனம் ஒன்று கதவைத் திறந்தும் ஏன் உள்ளே போகவில்லை?

திட்டம் தந்த தொகை மாதம் 5,000 ரூபாய். அதில் 4,500 அரசின் பங்கு, 500 நிறுவனத்தின் பங்கு. சேரும்போது ஒருமுறை மட்டும் 6,000 ரூபாய். மன்னார்குடியிலோ விருத்தாசலத்திலோ பி.காம். முடித்த ஒரு பெண்ணுக்குச் சென்னையை அடுத்த ஒரகடத்தில் இடம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விடுதியில் மூவரோடு பகிர்ந்துகொள்ளும் ஓர் அறைக்கும் மூன்று வேளைச் சாப்பாட்டுக்குமே அந்த 5,000 போதாது. பேருந்து, அலைபேசி, மருந்து எல்லாம் அதற்கு மேல். ஆக, அந்தப் பெண் வேலை கற்றுக்கொள்வதற்கு அவள் குடும்பம் மாதந்தோறும் பணம் அனுப்ப வேண்டும். அதுவும், பட்டம் வாங்கிவிட்டாள், இனி வீட்டுக்கு நாலு காசு வரும் என்று எதிர்பார்த்திருந்த குடும்பம். ஓராண்டு முடிந்தபின் வேலை உண்டா என்றால், அதற்கும் உறுதி இல்லை. அவள் வராமல் போனதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது. அவளுக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது.

வேலை அனுபவம் என்பது இன்று பரம்பரைச் சொத்தைப் போலக் கைமாறிக்கொண்டிருக்கிறது. சித்தப்பா ஆடிட்டராக இருந்தால் இரண்டாம் ஆண்டு விடுமுறையிலேயே அவர் அலுவலகத்தில் உட்கார இடம் கிடைக்கும். அப்பாவின் நண்பர் நிறுவன மேலாளராக இருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் காரியம் முடியும். பெங்களூரில் அத்தை வீடு இருந்தால் சம்பளமே இல்லாத இன்டர்ன்ஷிப்பையும் மூன்று மாதம் செய்துவிட முடியும். பெரிதாகத் தவறென்று எதுவும் இதில் இல்லை. எந்தக் குடும்பமும் தன் பிள்ளைக்கு இதைச் செய்யத்தான் செய்யும். ஆனால், அந்தத் தொலைபேசி எண் இல்லாத வீட்டுப் பிள்ளையிடமும் அதே நிறுவனம் ‘முன் அனுபவம் உண்டா?’ என்று கேட்கிறபோது, அது திறமையை அளக்கும் கேள்வியாக இருப்பதில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி மற்ற மாநிலங்களைவிடக் கூடுதலாக உறுத்த வேண்டும். 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, இங்கே உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளைப் புதுமைப்பெண் திட்டமும், மாணவர்களைத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் கொடுத்துக் கல்லூரிக்கு அழைத்துவருகின்றன. பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்குகிற தலைமுறை இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் கல்லூரியை விட்டு வெளியே வருவது பல பத்தாண்டு அரசியலின், சமூக உழைப்பின் பலன். அந்தப் பிள்ளைகளைக் கல்லூரி வாசல்வரை கைபிடித்துக் கூட்டிவந்த சமூகம், அங்கிருந்து அலுவலக வாசல்வரை உள்ள தூரத்தை அவர்கள் தனியாகக் கடக்கட்டும் என்று விட்டுவிட்டது.

ஒரு தலைமுறைக்கு முன்னால் நிலைமை இப்படி இல்லை. டாட்டா கன்சல்டன்சி திருவனந்தபுரத்தில் தனிப் பயிற்சி மையம் நடத்தியது. இன்ஃபோசிஸ் மைசூரில் பல்கலைக்கழகம் அளவுக்கு ஒரு வளாகமே கட்டியது. சிவில் படித்தவரையும் கெமிக்கல் படித்தவரையும் எடுத்து, சம்பளம் கொடுத்து, சில மாதங்களில் மென்பொருள் கற்பித்து வேலையில் அமர்த்தினார்கள். கற்பிக்கும் செலவு கம்பெனியுடையது என்பதில் அன்று யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அந்த மையங்கள் இன்றும் இருக்கின்றன, எதிர்பார்ப்புதான் மாறிவிட்டது. பல நிறுவனங்கள் இறுதியாண்டிலேயே ஆறு மாத இன்டர்ன்ஷிப் முடித்தவரை, இன்ன மொழியில் புரோகிராம் எழுதத் தெரிந்தவரை, ஏற்கெனவே புராஜெக்ட் செய்து காட்டியவரைக் கேட்கின்றன. பெரிய ஐ.டி. நிறுவனங்கள் ஃப்ரெஷருக்குத் தரும் ஆண்டுச் சம்பளமோ பத்தாண்டுக்கு மேலாக மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்கள் கையைப் பழக்கிக்கொண்ட சின்னச் சின்ன வேலைகளை, அதாவது சோதனை எழுதுவது, ஆவணம் தயாரிப்பது, எளிய பிழை திருத்துவது போன்றவற்றை, இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் செய்யத் தொடங்கிவிட்டன. பயிற்றுவிக்கும் சுமை கம்பெனியின் தோளிலிருந்து மாணவரின் தோளுக்கு இறங்கியிருக்கிறது. அதோடு சேர்ந்து சம்பளம் ஏறவில்லை.

சுமை மாணவரிடம் வந்ததும் சந்தையும் கூடவே வந்துவிட்டது. இறுதியாண்டுப் புராஜெக்ட்டைச் செய்து கொடுக்கும் ‘புராஜெக்ட் சென்டர்’கள் தமிழ்நாட்டின் பொறியியல் மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பணம் கட்டினால் தலைப்பு, நிரல், அறிக்கை, பவர்பாயின்ட் எல்லாம் கைக்கு வந்துவிடும். அதன் அடுத்த கட்டம், கட்டணம் வாங்கிக்கொண்டு இன்டர்ன்ஷிப் சான்றிதழ் தரும் இணைய நிறுவனங்கள். நான்கு வீடியோ பார்த்து, இரண்டு பயிற்சித் தாள் அனுப்பினால் ‘நான்கு வாரப் பயிற்சியை வெற்றிகரமாக முடித்தார்’ என்று தாள் வந்துவிடும். வேலை செய்கிறவருக்குச் சம்பளம் தருவதுதான் உலக வழக்கம். இங்கே வேலை செய்ததாகச் சொல்லிக்கொள்ள மாணவர் பணம் கட்டுகிறார். கடைசிக் கட்டம் இன்னும் கவலைக்குரியது. இரண்டு மூன்றாண்டு வேலை பார்த்ததாகப் போலி அனுபவக் கடிதம் தயாரித்துத் தரும் கன்சல்டன்சிகள் பெருநகரங்களில் இயங்குகின்றன. கம்பெனிகள் இப்போது பின்னணிச் சரிபார்ப்பில் வருங்கால வைப்புநிதி எண்ணைப் போட்டு, முந்தைய வேலைகளின் தேதியை எடுத்துவிடுகின்றன. அகப்பட்டவர் வேலையை இழக்கிறார், பெயரும் கெடுகிறது. கடிதம் விற்றவர் வேறொரு தெருவில் வேறொரு பலகை மாட்டுகிறார்.

பொய்க் கடிதத்தை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் முதல் வேலைக்கே அனுபவம் கேட்கும் சந்தை, அந்தக் கடிதத்துக்கான வாடிக்கையாளரைத் தானே தயாரித்து அனுப்புகிறது.

மாணவர்களுக்கு அனுபவமே இல்லை என்பதும் முழு உண்மை அல்ல. சனி, ஞாயிறுகளில் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறப் போகிற கல்லூரி மாணவர்கள் தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் உண்டு. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஜவுளிக்கடைகளில் துணி பிரித்துக் காட்டுகிறார்கள். இரண்டாம் ஷிப்டுக் கல்லூரிகளில் படிப்பவர்கள் காலையில் பால் பாக்கெட், பேப்பர், கூரியர், மருந்துக்கடை என்று ஓடிவிட்டு மதியம் வகுப்புக்கு வருகிறார்கள். மாலையில் பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துத் தன் தேர்வுக் கட்டணத்தைத் தானே கட்டுகிற மாணவிகள் இருக்கிறார்கள். ஆயிரம் பேர் பந்தியில் நேரம் தவறாமல் இலை போட்டு எடுப்பதற்கு வேண்டிய ஒழுங்கும், கோபமான வாடிக்கையாளரை அமைதிப்படுத்தும் பேச்சும், கையில் வாங்கிய காசுக்குக் கணக்குக் கொடுக்கும் பழக்கமும் எந்த அலுவலகத்துக்கும் வேண்டியவை. இவர்களில் பெரும்பாலோர் ரெஸ்யூமேயில் இதில் ஒரு வரியைக்கூட எழுதுவதில்லை. எழுதலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. எழுதினால் மதிப்புக் குறையும் என்ற பயமும் உண்டு. கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் அலுவலகங்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை இந்தப் பயத்தைப் போக்குவது. ஆளெடுக்கிறவர்கள் செய்ய வேண்டியது, அந்த வரியைப் படித்துவிட்டு அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்பது.

அனுபவம் இல்லை என்று யாரிடம் யாரும் சொல்வதில்லை என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். மருத்துவ மாணவர் ஐந்தரை ஆண்டுகளில் கடைசி ஓராண்டு ஹவுஸ் சர்ஜனாக வார்டில் நின்றாக வேண்டும். அது முடியாமல் நிரந்தரப் பதிவே கிடையாது. சி.ஏ. படிப்பவர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் செய்தாக வேண்டும். நீண்டகாலமாக மூன்றாண்டாக இருந்ததை 2023இல் இரண்டாண்டாக்கினார்கள். பி.எட். மாணவர் மாதக்கணக்கில் பள்ளியில் பாடம் நடத்திய பிறகுதான் பட்டம் பெறுகிறார். இந்தத் துறைகளில் அனுபவம் படிப்புக்கு வெளியே மாணவர் தேடிப்பிடிக்க வேண்டிய பொருளாக இல்லை. படிப்புக்குள்ளேயே வைத்துத் தைத்திருக்கிறார்கள். இடம் தருவது கல்லூரியின், தொழில் அமைப்பின் பொறுப்பு. பி.ஏ., பி.எஸ்சி., பி.காம்., பி.சி.ஏ. படிக்கிற லட்சக்கணக்கானவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. பொறியியலில் ‘இன்பிளான்ட் டிரெய்னிங்’ என்ற பெயரில் சில நாள்கள் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதே பல கல்லூரிகளில் பயிற்சியாகக் கழிகிறது.

கோவையில் இதற்கு மாற்று எப்போதோ யோசிக்கப்பட்டிருக்கிறது. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951இல் தொடங்கியபோதே அதே வளாகத்தில் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் இயங்கிக்கொண்டிருந்தது. வார்ப்பும் மோட்டாரும் பம்பும் தயாராகும் இடத்துக்குப் பக்கத்திலேயே வகுப்பறை. ஐந்தாண்டு சாண்ட்விச் பொறியியல் படிப்பு அங்கிருந்து வந்தது. படிப்பின் ஊடே தொழிற்கூடத்தில் வேலை பார்த்தவர்கள் அதில் பட்டம் வாங்கினார்கள். அதற்கும் முன்பே, 1945இல், தொழிலதிபர் ஜி.டி. நாயுடு தன் முயற்சியில் உருவான ஆர்தர் ஹோப் கல்லூரியின் முதல்வராக இருந்துகொண்டு, நான்காண்டுப் படிப்பு மாணவர்களின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டாண்டே போதும் என்று வாதாடினார். ஆங்கிலேய அரசு ஏற்கவில்லை. அவர் பதவி விலகினார். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. இரண்டாண்டு போதுமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். மாணவரின் நேரத்துக்கு மதிப்பு உண்டு, அதை எங்கே செலவிடவைக்கிறோம் என்பதற்கு நிறுவனம் பதில் சொல்ல வேண்டும் என்ற அவருடைய கவலை இன்றும் செல்லும்.

நம் காலத்தில் இதே சிந்தனையைக் கையில் எடுத்தது மென்பொருள் நிறுவனமான ஸோகோ. பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்துக் கற்பித்து, இரண்டாம் ஆண்டில் நிறுவனத்தின் உண்மையான அணிகளில் வேலை செய்யவைக்கும் அதன் பள்ளி இருபது ஆண்டுகளைத் தொட்டுவிட்டது. சென்னையோடு நிற்காமல் தென்காசிக்கும் போனது. இங்கே கவனிக்க வேண்டியது இரண்டு. கட்டணம் இல்லை என்பதோடு, மாணவர் கையில் பணமும் வருகிறது. மாணவர் செய்கிற வேலைக்காக வேறு யாரோ காத்திருக்கிறார்கள். இரண்டாவது முக்கியமானது. தான் செய்யாவிட்டால் அடுத்தவர் வேலை நிற்கும் என்ற நிலையில் செய்து முடித்த ஒன்றுதான் அனுபவம். மற்றது எல்லாம் வேடிக்கை பார்த்தல். ஆனால் ஒரு நிறுவனம் தன் தேவைக்கு நடத்தும் பள்ளி ஓரளவு பேரைத்தான் கரையேற்றும். மாநிலத்துக்கு அது போதாது.

மாநிலத்துக்கு, ஏன், நாட்டுக்கே போதுமான ஏற்பாடு சட்டப் புத்தகத்தில் 1961 முதல் இருக்கிறது. தொழில் பழகுநர் சட்டம். ஐ.டி.ஐ. மாணவர்களை மனத்தில் வைத்து எழுதிய அந்தச் சட்டத்துக்குள் 1973 திருத்தத்தில் பொறியியல் பட்டதாரிகளும் டிப்ளமோ முடித்தவர்களும் வந்தார்கள். பின்னர் மற்றப் பட்டதாரிகளும் வந்தார்கள். தென்னிந்தியாவுக்கான பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. 2019இல் திருத்திய விதிகளின்படி, முப்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் எந்த நிறுவனமும் தன் ஆள்பலத்தில் 2.5 சதவீதம் முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை, அதாவது அப்ரண்டிஸ்களை, எடுத்தாக வேண்டும். பட்டதாரிக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000, டிப்ளமோவுக்கு 8,000. தேசியப் பழகுநர் பயிற்சித் திட்டத்தில் இந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசே திருப்பிக் கொடுக்கிறது.

இவ்வளவு இருந்தும் ஏன் நடக்கவில்லை? தண்டனைப் பிரிவைப் படித்தால் புரியும். முன்பு சட்டத்தை மீறினால் சிறைவரை போகலாம் என்று இருந்தது. 2014 திருத்தம் அதை நீக்கிவிட்டு, எடுக்காமல் விட்ட ஒவ்வோர் அப்ரண்டிஸுக்கும் முதல் மூன்று மாதங்களுக்கு மாதம் 500 ரூபாய், அதற்குப் பின் 1,000 ரூபாய் அபராதம் என்று வைத்தது. ஒரு பட்டதாரியை எடுத்தால் அரசின் பாதி போக நிறுவனத்தின் கையிலிருந்து குறைந்தது 4,500 ரூபாய் போகும். எடுக்காமல் விட்டால் 500, இல்லாவிட்டால் 1,000. அதுவும் யாராவது வந்து கேட்டால். சட்டத்தைப் பின்பற்றுவதைவிட மீறுவது மலிவாக இருக்கும்போது எந்தக் கணக்குப்பிள்ளையும் மீறத்தான் யோசனை சொல்வார். சிறைத்தண்டனை வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எடுக்காமல் விட்ட இடத்துக்கான அபராதம், எடுத்திருந்தால் கொடுத்திருக்க வேண்டிய தொகையைவிட ஒரு ரூபாயாவது கூடுதலாக இருந்தால் போதும். உதவித்தொகையை 36 சதவீதம் உயர்த்தி, 6,800 முதல் 12,300 ரூபாய் வரை ஆக்கலாம் என்று மத்தியப் பழகுநர் குழு 2025 மே மாதம் பரிந்துரைத்தது. தொகை மட்டும் உயர்ந்து அபராதம் அப்படியே நின்றால் இடைவெளி இன்னும் விரியும், இடங்கள் இன்னும் குறையும்.

ஆள் எடுக்கிற இடங்களிலும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. பழகுநர் தொழிலாளி அல்ல என்கிறது சட்டத்தின் 18ஆம் பிரிவு. கற்றுக்கொள்ள வந்தவர் என்பதால் வந்த விதி அது. ஆனால், உற்பத்தி வரிசையில் நிற்கவைத்து, நிரந்தரத் தொழிலாளியின் வேலையைப் பாதிக்கும் குறைந்த காசில் வாங்குவதற்கு அதே விதி வசதியாகிவிடுகிறது. மேற்கு மாவட்டப் பஞ்சாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நடந்ததைத் தமிழ்நாடு மறந்துவிடக் கூடாது. தென்மாவட்டங்களின் ஏழைக் குடும்பங்களிலிருந்து பதின்வயதுப் பெண்களை மூன்றாண்டுப் பயிற்சி என்று அழைத்துவந்தார்கள். முடிவில் திருமணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் கிடைக்கும் என்று சொல்லி, விடுதியில் அடைத்து, ஷிப்டுக்கு மேல் ஷிப்டாக வேலை வாங்கினார்கள். இடையில் உடம்பு முடியாமல் திரும்பிய பெண்களுக்கு அந்த மொத்தத் தொகை கிடைக்கவில்லை. ‘பயிற்சியாளர்’ என்ற ஒரே சொல் அவர்களுக்கும் தொழிலாளர் உரிமைக்கும் நடுவில் நின்றது. வாகன ஆலைகளில் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) ‘நீம்’ திட்டத்தின் கீழ் சேர்ந்த பயிற்சியாளர்களைப் பற்றியும் இதே புகார் எழுந்தது. பிறகு அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். ஆகவே, எத்தனை பேரை எடுத்தார்கள் என்று மட்டும் எண்ணுவது போதாது. என்ன கற்றார்கள், யார் கற்பித்தார், முடித்தபின் எத்தனை பேரை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள் என்பதும் நிறுவனவாரியாகப் பொதுவெளிக்கு வர வேண்டும்.

ஜெர்மனியில் இரட்டைக் கல்வி முறை என்று ஒன்று இருக்கிறது. வாரத்தில் மூன்று, நான்கு நாள் தொழிற்சாலை, ஒன்றிரண்டு நாள் பள்ளி, மாதாமாதம் சம்பளம், மூன்றாண்டு அளவில் படிப்பு, முடிவில் தேர்வு நடத்துவது கம்பெனியோ பள்ளியோ அல்ல, அந்தப் பகுதியின் தொழில் வணிகச் சபை. இந்தக் கடைசி ஏற்பாட்டைத்தான் நாம் பார்த்துப் படிக்க வேண்டும். பயிற்சி தந்தவரே சான்றும் தந்தால் சான்றுக்கு மதிப்பிருக்காது. கோவையின் கொடிசியா போன்ற தொழிலதிபர் அமைப்புகளுக்கு இப்படியொரு தேர்வை நடத்தும் வலிமை இருக்கிறது. பிரான்ஸ் 2014இல் ஒரு சட்டம் செய்தது: இன்டர்ன்ஷிப் இரண்டு மாதத்தைத் தாண்டினால் பணம் கொடுத்தாக வேண்டும், ஆறு மாதத்துக்கு மேல் நீட்டக் கூடாது. அமெரிக்காவில் ‘பிளாக் ஸ்வான்’ படத் தயாரிப்பில் சம்பளமில்லாமல் வேலை பார்த்த இன்டர்ன்கள் 2011இல் வழக்குப் போட்டு, நாடு முழுக்க அந்தப் பழக்கத்தையே விவாதத்துக்குக் கொண்டுவந்தார்கள். வெள்ளை மாளிகைகூட 2022இல்தான் தன் இன்டர்ன்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. இந்தியாவில் அப்ரண்டிஸுக்குச் சட்டம் உண்டு. இன்டர்ன் என்று பெயர் வைத்துவிட்டால் எந்தச் சட்டமும் இல்லை.

வழக்கறிஞர் தொழிலில் இந்தக் கேள்வி ஏற்கெனவே நீதிமன்றம் ஏறிவிட்டது. சீனியரிடம் பழகும் ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் கிடைக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னது. அடுத்த ஆண்டு மே 20 அன்று உச்ச நீதிமன்றம், உரிமையியல் நீதிபதி தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். நீதிபதி நாற்காலியில் உட்காருகிறவருக்கு நீதிமன்ற நடைமுறை தெரிந்திருக்க வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. முதல் தீர்ப்பு நடைமுறைக்கு வராமல் இரண்டாவது மட்டும் வந்தால், மூன்றாண்டு வருமானமில்லாமல் தாக்குப்பிடிக்க முடிகிற வீட்டுப் பிள்ளைகளே நீதிபதிகளாவார்கள். அரசு சட்டக் கல்லூரியில் படித்து வருகிற கூலித் தொழிலாளியின் மகள் இரண்டாம் ஆண்டிலேயே வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். அனுபவத்தைக் கட்டாயமாக்குகிற எவரும் அந்த அனுபவக் காலத்துக்கான சாப்பாட்டுக்கும் வழி சொல்லியாக வேண்டும்.

கல்வித் துறையில் ஒரு கதவு இப்போது திறந்திருக்கிறது. பழகுநர் பயிற்சியை உள்ளடக்கிய பட்டப்படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. மூன்றாண்டுப் படிப்பில் ஒரு பருவம் முதல் மூன்று பருவம்வரை மாணவர் உதவித்தொகையோடு வேலையிடத்தில் இருக்கலாம். அதற்குக் கிரெடிட் உண்டு. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் தமிழ்நாட்டின் கல்லூரிகளுக்குள் திறன் வகுப்புகளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. இந்த இரண்டையும் இணைப்பதுதான் அடுத்த படி. வகுப்பு நல்லதுதான், ஆனால் வகுப்பு அனுபவம் ஆகாது. திருப்பூரில் மெர்ச்சண்டைசருக்குப் பக்கத்தில் ஒரு பருவம் உட்கார்ந்து ஓர் ஆர்டர் நூலிலிருந்து கப்பல்வரை போவதைப் பார்த்த பி.காம். மாணவர், சிவகாசி அச்சகத்தில் ஒரு பருவம் விலைப்புள்ளி போட்டுப் பழகிய பி.பி.ஏ. மாணவி, ஓசூரில் தரப்பரிசோதனைப் பிரிவில் கருவியைக் கையில் பிடித்த இயற்பியல் மாணவர் ஆகியோரிடம் ‘முன் அனுபவம் உண்டா’ என்று யாரும் கேட்க வேண்டியிருக்காது. சிறு, நடுத்தரத் தொழில்கள் இவ்வளவு அடர்த்தியாக, இத்தனை ஊர்களில் பரவிக் கிடக்கிற மாநிலத்தில் மாணவர்கள் எல்லோரும் ஒரகடத்துக்கும் பழைய மாமல்லபுரம் சாலைக்கும்தான் போக வேண்டும் என்பதில்லை. வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவில் இடம் கிடைத்தால் 9,000 ரூபாய்க்கும் அர்த்தம் உண்டு.

பெண்களுக்கு இந்தத் தொலைவு இரண்டு மடங்கு. மகளைத் தெரியாத ஊருக்கு ஆறு மாதம் அனுப்பத் தயங்கும் பெற்றோரைப் பிற்போக்கு என்று ஒதுக்கிவிட்டுப் போவது எளிது. பாதுகாப்பான தங்குமிடத்தைக் காட்டுவதுதான் பயனுள்ள பதில். வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு நடத்தும் தோழி விடுதிகளில் பயிற்சியில் இருக்கும் மாணவிகளுக்கென்று ஒரு பங்கு இடம் ஒதுக்கலாம். கல்லூரி முடிந்ததும் காலாவதியாகும் பேருந்துப் பயண அட்டையை, பழகுநராக இருக்கும் ஓராண்டுக்கும் நீட்டலாம். பெரிய செலவு எதுவும் இதற்குத் தேவையில்லை.

பயிற்சி முடித்த பிறகு என்ன ஆகிறது என்பது இறுதியாகப் பார்க்க வேண்டியது. அப்ரண்டிஸுக்கு வேலை தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. ஆனால் மற்றத் தகுதிகள் சமமாக இருக்கும்போது, பழகுநர் பயிற்சி முடித்தவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. ரயில்வே, நீண்ட போராட்டங்களுக்குப் பிறகு, தன் முதல் நிலைப் பணியிடங்களில் 20 சதவீதத்தைப் பயிற்சி முடித்தவர்களுக்கு ஒதுக்குகிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை வாசலில் பழகி முடித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த இளைஞர்களுக்கு அந்த ஒதுக்கீடு போதுமானதல்ல, ஆனாலும் ஒரு பிடிமானம்.

தமிழ்நாட்டின் அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் மின்வாரியமும் தரமணி வாரியத்தின் வழியாகப் பட்டதாரி, டிப்ளமோ பழகுநர்களை எடுக்கின்றன. ஓராண்டு முடிவில் அவர்களுக்குக் கிடைக்கும் தேர்ச்சிச் சான்றிதழை வேலைவாய்ப்பு அலுவலகங்களில் பணி அனுபவமாகப் பதியலாம். அதே சான்றிதழை வைத்துக்கொண்டு அவர்கள் தனியார் நிறுவனத்துக்குப் போனால், அது பயிற்சிதானே, அனுபவம் எங்கே என்று கேட்கும் இடங்கள் உண்டு. வேலை விளம்பரத்தில் ஓராண்டு அனுபவம் கேட்கிறவர்கள், பழகுநர் பயிற்சி ஆண்டும் அதில் சேரும் என்று அதே விளம்பரத்தில் எழுதியாக வேண்டும் என மாநில அரசு ஓர் ஆணை போடலாம். முதலில் தன் கீழ் இருக்கும் கழகங்களும் வாரியங்களும் கூட்டுறவு நிறுவனங்களும் வெளியிடும் விளம்பரங்களில் அந்த வரியைச் சேர்க்கட்டும். அதற்குச் சட்டத் திருத்தமோ புதிய நிதியோ வேண்டாம். துறைச் செயலாளர் ஒருவரின் சுற்றறிக்கை போதும்.